எங்க வூட்டுக்காரரு கொறட்டைய நோய்னு கண்டுபுடிச்சு சொன்னவங்களுக்கு

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கத்து சனங்களுக்கு வணக்கம்ங்க. பேர் போட்டு எழுதலாம்னு பாத்தா பாதி பேரு "என் பேரு வேணாங்க்கா"ன்னுட்டாங்க, அதனால ஆளச் சொல்லாம எழுதறேன், படிச்சா அவங்களுக்கே தெரியும்.

மொத நன்றி லாரில கூட போற கிளீனர் தம்பிக்குதான். எங்க வூட்டுக்காரரு தக்காளி லோடு ஏத்திகிட்டு மதுரை மாட்டுத்தாவணிக்கு நைட்டு ஓட்டறவரு, ஆளு 110 கிலோ, அவரு கொறட்டைய ஊரே தமாஷாதான் பேசும். அந்தத் தம்பிதான் "அக்கா, கொறட்டை நடுவுல மூச்சே நின்னுபோவுது, அப்புறம் தூக்கிவாரிப் போட்டு இழுக்கறாரு, எனக்கு பயமா இருக்குது"ன்னான், போன்ல வீடியோவும் எடுத்து வச்சிருந்தான். அதப் பாத்துட்டுதான் டாக்டரு தூக்கத்துல பண்ற டெஸ்டயே எழுதுனாரு.

அடுத்தது மக்களைத் தேடி மருத்துவம்னு வூடு தேடி வந்து பிரஷர், சுகர் பாக்கற அரசாங்கத் திட்டத்துல வேல பாக்கற அக்கா. 2021ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் அந்தத் திட்டத்தயே ஆரம்பிச்சாங்க, அது எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல. மாமியாருக்கு சுகர் மாத்திர குடுக்க வந்தவங்க இவரையும் உக்கார வச்சு பிரஷர் பாத்தாங்க, மாத்திர போட்டும் எறங்கல. "அண்ணா, நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டுனாலே உஷாரா இருக்கணும், நீங்க எங்கயோ போயிட்டீங்க"ன்னு சிரிச்சிகிட்டே சொன்னாங்க. குண்டுன்னு கேலி பண்றவங்க நெறைய, இப்படி மனசு நோவாம சொல்ல யாரு இருக்கா.

டாக்டரு பொறுமையா வெளக்குனாரு. கழுத்துலயும் நாக்குலயும் கொழுப்பு சேந்துடுதாம், தூங்கறப்ப தசை தளந்ததும் தொண்டை அடைச்சிக்குதாம், ரத்தத்துல ஆக்சிஜன் கொறைஞ்சு மூளை பதறி எழுப்பி வுடுதாம், ராத்திரி பூரா இதேதான், மணிக்கு 30 தடவைக்கு மேல ஆனா ரொம்ப முத்துன நெலைன்னாரு, இவருக்கு அதுக்கும் மேல. பிரஷர் அடங்காததுக்கும் இதான் காரணமா இருக்கும், இப்படியே வுட்டா ஹார்ட்டுக்கும் கெடுதி, ஸ்ட்ரோக்கும் வரலாம்னாரு. பகல்ல தூங்கி வழியறதும் இதனாலதான். தொப்பூர் எறக்கத்துல லோடோட எறங்கறவரு கண்ணு சொக்குனா என்னாகும்னு நெனச்சா இப்பவும் கை நடுங்குது. ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு, சுகரும் ஓரத்துல நிக்குது.

சாப்பாடு சொல்லிக் குடுத்த மேடத்துக்கும் நன்றி. நாங்க ராகிக் களி தின்னா ஒடம்பு எளைக்கும்னு நெனச்சு ரெண்டு பெரிய உருண்டை வச்சிகிட்டு இருந்தோம். களி நல்லதுதான், ஆனா அதுவும் மாவுச்சத்துதான், ஒரு சின்ன உருண்டை போதும், மிச்சத்துக்கு கீரையும் கொள்ளும் வைங்கன்னாங்க. மாமியாருக்கு அதுல இன்னும் கோவம் தீரல. பத்து சதவீதம் எடை கொறைஞ்சாலே மூச்சு நிக்கறது நல்லா கொறையும்னு சொன்னதாலதான் இவருக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு, இப்ப பெல்ட்டுல புது ஓட்டை போட்டாச்சு.

லாரி ஓனர் அண்ணனுக்கு பெரிய நன்றி, வேலைய வுட்டு நிறுத்தாம ட்ரீட்மென்ட் சரியாகற வரைக்கும் லோடு எறக்கற எடத்துல நிக்க வச்சி சம்பளம் குடுத்தாரு.

கடைசியா, தூங்கறப்ப தொண்டை அடைக்காம இருக்க டாக்டரு குடுத்த, மூக்குல மாட்டி காத்தடிக்கற மெஷினு லாரி கேபின்லயே ஓடற மாதிரி இன்வெர்ட்டர் மாட்டிக் குடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி, காசு எவ்ளோன்னு இன்னும் சொல்லலப்பா, வூட்டுக்கு வந்து வாங்கிக்க.