மட்டக்களப்புக் கோட்டை வரலாற்று நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மட்டக்களப்பு வாவியோரம், புளியந்தீவில் நிற்கும் கல்கோட்டையின் வரலாற்றை மூல ஆவணங்களைக் கொண்டு தமிழில் எழுதி வெளியிடும் பணியை எங்கள் குழு மேற்கொண்டுள்ளது. அப்பணிக்கு உங்கள் பொருளுதவியை நாடியே இம்மடலை எழுதுகிறோம்.

பாடசாலைப் பிள்ளைகள் சிலரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வாயிலின் மேல் ஒல்லாந்துக் கம்பெனியின் முத்திரையை, பெரிய 'வி' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்த அந்த வடிவத்தை, அண்ணாந்து பார்த்த மாணவி ஒருத்தி, "ஒல்லாந்தர் கோட்டை என்றுதானே சொல்லுறாங்க, பிறகு ஏன் அவங்களே இதைச் சண்டை போட்டுப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள். வாயால் விளக்கம் சொன்னோம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கொடுப்பதற்கு எங்களிடம் தமிழில் ஒரு நூல் இருக்கவில்லை.

இக்கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1602இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி மன்னரைச் சென்று சந்தித்த நாள் முதல், மலைநாட்டு அரசுக்குக் கடல்வழியாக வெளித்துணை கிடைக்கக்கூடிய வாசல் கிழக்குக் கரைதான் என்பது எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. அந்த வாசலை அடைப்பதற்காகவே, தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா காலத்தில் முதலில் திருகோணமலையிலும், 1628ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பிலும் கோட்டைகள் எழுந்தன. போர்த்துக்கேயர் ஆதிக்கத்தின் கடைசி எல்லையில், இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியுமாக, நான்கு கொத்தளங்களுடன் நிற்கும் இதன் அமைப்பிலேயே அந்த நோக்கம் தெரிகிறது.

பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கழைக்க, அட்மிரல் அடம் வெஸ்டர்வோல்டின் கப்பற்படையும் கண்டிப் படையும் சேர்ந்து தாக்கியதில், 1638 மே 18ஆம் நாள் கோட்டை பணிந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற்கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23 அன்று, மன்னரும் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படையை நிறுத்துவதற்கு "மன்னர் விரும்பினால்" என்றொரு நிபந்தனை மன்னரிடமிருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. தமிழில் இரண்டே சொற்களில் அடங்கிவிடும் அந்த நிபந்தனையைப் பற்றிய பிணக்கு, 1640இல் காலிக் கோட்டை வீழ்ந்த பின்னர் தீராப் பகையாக முற்றியது. ஒல்லாந்தரோ 1795, 1796ஆம் ஆண்டுகளில் பிரித்தானியர் வந்து பறிக்கும்வரை இத்தீவின் கரைகளை விட்டு அகலவில்லை.

ஆகவே, உடன்படிக்கையின் இரு வடிவங்களையும் அருகருகே தமிழில் தருவது எங்கள் நூலின் முதல் நோக்கம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திலும் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் உள்ள ஒல்லாந்துக் கம்பெனி ஆவணங்களின் பிரதிகளைப் பெறவும், பழைய ஒல்லாந்து, போர்த்துக்கேய மொழிகளை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பூதியம் வழங்கவும், கோட்டையை முறையாக அளந்து வரைபடம் தயாரிக்கவும், 1000 பிரதிகள் அச்சிடவும் பணம் வேண்டும். மாவட்டப் பாடசாலை நூலகங்களுக்கு நூல் இலவசமாகவே செல்லும். கோட்டைக் கற்களைப் பேணுவது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பு என்பதால், அதற்காக நாங்கள் நிதி திரட்டவில்லை.

பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் காணி அலுவலுக்கும் ஓய்வூதிய அலுவலுக்கும் கச்சேரிப் படியேறியது இந்த மதிலுக்குள்ளேதான். அங்கே பணியாற்றியவர்களின் நினைவுகளும், வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பழைய புகைப்படங்களும் ஆவணக் கூடங்களில் கிடைக்காதவை. புகைப்படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இவ்வளவுதான் தரவேண்டும் என்று வரையறை எதுவுமில்லை. பெறப்படும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படும். வரவு செலவுக் கணக்கு கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பெயர் வெளியிட வேண்டாம் என்போர் தவிர்ந்த ஏனையோரின் பெயர்கள் நூலின் இறுதிப் பக்கங்களில் அச்சாகும். நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் நேரில் கையளிக்கலாம். வர இயலாத முதியோர் சொல்லி அனுப்பினால், நாங்களே வீடு தேடி வந்து பெற்றுக்கொள்வோம்.

இவ்வண்ணம்,
நூலாக்கக் குழுவினர்,
மட்டக்களப்பு