தைமிடின் போன வழி

அன்புள்ள மகளுக்கு,

கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் பச்சைப்பாசியின் வளர்ப்பில், டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினை, அதாவது டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றைச் சேர்த்தும் டி.என்.ஏ.வில் கதிரியக்கம் சொற்பமாகத்தான் ஏறியது, செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டன போலும் என்று எழுதியிருந்தாய். செல்லின் மேல் பழி போடுவதற்கு முன் அந்தத் தைமிடின் எந்த வழியாகப் போகிறது என்று பார்.

தைமிடின் டி.என்.ஏ.வில் சேர வேண்டுமானால், தைமிடின் கைனேஸ் என்னும் நொதி முதலில் அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்ற வேண்டும். உன் பாசியில் அந்த நொதியின் செயல் பசுங்கணிகத்துக்குள் மட்டுமே இருப்பதால், நீ கண்ட சொற்பக் கதிரியக்கம் பசுங்கணிக டி.என்.ஏ.வினுடையதாகத்தான் இருக்கும், உட்கரு தன் டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டிருந்தாலும் உன் கருவிக்கு அது தெரியாது. விலங்குச் செல்லுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே பாசிக்குக் கொண்டுவருவதால் நேரும் பிழை இது. தைமிடினுக்குப் பதிலாக, டி.என்.ஏ.வின் இன்னொரு கட்டுமானக் கூறான அடினினை டிரிட்டியம் ஏற்றிக் கொடுத்துப் பார். அது ஆர்.என்.ஏ.விலும் சேரும் என்பதால், டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் படியவைக்கும் குளிர்ந்த டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில் படிந்ததை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுபடி அமிலமாக்கு: காரத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்து கரைசலில் நின்றுவிடும், டி.என்.ஏ. மட்டும் படியும்.

டிரிட்டியத்துக்குப் பதிலாகக் கதிரியக்கப் பாஸ்பரஸான பாஸ்பரஸ்-32ஐ நாடலாமே என்று உனக்குத் தோன்றலாம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 14 நாள் என்பது கூடப் பெரிய தொல்லையில்லை. உண்மையான தொல்லை, பாசிகள் பாஸ்பேட்டைப் பாலிபாஸ்பேட் என்னும் நீண்ட சங்கிலியாகக் கோத்துச் சேமித்துவைப்பதுதான். அதில் ஒரு பகுதியும் அமிலத்தில் கரையாமல் படிந்து, நியூக்ளிக் அமிலம் போல வேடமிடும்.

பச்சை நிறத்தையும் மறந்துவிடாதே. கதிரியக்கத்தை அளக்கும் உன் சின்டிலேஷன் கவுன்டர் எண்ணுவது, கதிரியக்கத் துகள் கரைசலில் எழுப்பும் நீல ஒளியை. பாசியின் பச்சை நிறமியான குளோரோஃபில் விழுங்குவதும் அதே ஒளியைத்தான். ஒருமுறை நான் அசெட்டோனால் நிறத்தைக் கழுவாமலே எண்ணிவிட்டு, வளர்ப்பு அடர்த்தியாக ஆக டி.என்.ஏ. உற்பத்தி குறைகிறது என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். டிரிட்டியத்தின் பீட்டாத் துகள் மிகவும் வலுவற்றது என்பதால், உன் மாதிரிகளில் இந்த இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும்.

அடுத்த முறை அடினினைச் சேர்த்த அதே கணத்தில் ஒரு மாதிரியை அமிலத்தில் போட்டுவை. செல்லில் வெறுமனே ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்பதை அது காட்டிவிடும். வளர்ப்பில் பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று ஊட்டத்தட்டில் பரப்பியும் பார்த்துவிடு, ஏனென்றால் அவை பாசிக்கு முந்திக்கொண்டு அடினினை உண்ணக்கூடியவை. அந்த இரண்டு முடிவுகளையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா