பக்கத்தைச் சேமிக்க விடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய பதிவேட்டுத் தள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் தளத்திலுள்ள கூலிக் கப்பல் பட்டியல் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் சேமிக்க முடியவில்லை என்று நானே மூன்று முறை எழுதிவிட்டேன், என்னைப் போல வேறு பலரும் எழுதியிருப்பார்கள், அதனால் முன்கதை வேண்டாம். போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போனார். என் அப்பாவின் அத்தைக்கு அவர் தாத்தாவின் தம்பி. ஏர் ஓட்டும்போது கொழு பட்டு இடது காலில் தழும்பு இருந்ததாம், வீட்டில் இன்றும் சொல்வார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உயரம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் உடம்பிலுள்ள அடையாளத்தையும் குறித்திருப்பதால், உங்கள் தளத்தில் அவரைத் தேட முடிந்தது. வட ஆற்காடு ஜில்லா, அதே பெயர், இடது காலில் தழும்பு. ஆனால் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

யார் என்று சொல்லக்கூடியவர் அத்தைப்பாட்டி ஒருவர்தான். வயது 91. போளூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறார். அந்தத் தெருவில் சிக்னல் கிடையாது. காதும் மந்தம், போனில் பேசினால் "யாரு?" என்பதைத் தாண்டாது, பக்கத்தில் உட்கார்ந்து காதோரம்தான் சொல்ல வேண்டும். அதனால் கிளம்பும் முன்னாலேயே பக்கத்தை லேப்டாப்பில் சேமித்தேன். திறந்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இன்டர்நெட் இருந்ததால், சேமித்த ஃபைலே உங்கள் சர்வருக்கு ஓடிப்போய் பட்டியலை மறுபடி வாங்கிவந்து காட்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து திறந்தால் உங்கள் சின்னமும் அதன் கீழே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டமும்தான். அந்த இரண்டு பேரைப் பற்றிய வரிகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், படித்தேன். பாட்டி கேட்டது வேறு: "கூட யாரெல்லாம் போனாங்க, அதப் படி." சரியான கேள்வி. ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள் பட்டியலில் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். முன்னும் பின்னும் பத்துப் பேரைப் படித்திருந்தால் அவர் பிடித்திருப்பார். என்னால் படிக்க முடியவில்லை. "நெட்டு இல்லன்னா உங்க படிப்பு அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பி வந்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். பிரிண்ட் கொடுத்தால் முதல் இருபது வரி மட்டும் வருகிறது, மற்றவை ஸ்க்ரோல் செய்தால்தானே பிறக்கின்றன. அந்த இருபதிலும் கிராமத்தின் பெயர் இருக்கும் பத்தியை உங்கள் குக்கி அறிவிப்பு மறைத்துக்கொண்டு நிற்கிறது. சந்தாதாரராக உள்ளே நுழைந்தால்தான் தெரியும் பக்கம் என்பதால் இணையப் பக்கங்களை நகலெடுத்துப் பாதுகாக்கும் வேபேக் மெஷினிடமும் கொடுக்க முடியாது. கடைசியில் 37 ஸ்க்ரீன்ஷாட். ஒவ்வொன்றிலும் மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை இரண்டு வரியை விழுங்கியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு 'சேமி' பட்டன். கப்பல் பட்டியல் முழுவதும், வெறும் எழுத்தாக, ஒரே ஃபைலில். படம் வேண்டாம், அழகு வேண்டாம்.

ஆளுக்கு ஆள் நகல் எடுத்து விற்றுவிடுவார்கள் என்று பயமா? அந்தக் கூலிகளின் பெயரை எங்களுக்கே வருடச் சந்தாவுக்கு விற்பவர்கள் நீங்கள்தான், அந்தப் பயம் எங்களுக்கல்லவா வர வேண்டும்! தளத்தைப் புதுப்பித்து 'சிறந்த அனுபவம்' தருவதாக மெயில் அனுப்பினீர்கள். பழைய தளம் பார்க்கச் சகிக்காது, ஆனால் சேமித்தால் சேமித்தபடி கிடந்தது. இப்போது எல்லாத் தளமும் இப்படித்தான் ஆகிவிட்டது, பார்க்கலாம், கையில் எடுக்கக் கூடாது, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி மாதிரி. எப்போதும் ஆன்லைனில் இருக்குமே என்கிறது உங்கள் உதவிப் பிரிவு. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள முடிந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009-ல் மூடியபோது எத்தனை பேர் கட்டி வைத்த வம்சாவளிப் பக்கங்கள் போயின. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதல் நடந்து பிரிட்டிஷ் நூலகத்தின் ஆன்லைன் பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் சர்வர் எம்மாத்திரம்?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை லட்சம் பெயர்களைத் தட்டச்சு செய்து தேட வைத்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எனக்கு அந்த இரண்டு வரியும் கிடைத்திருக்காது.

பொங்கலுக்கு மறுபடி போளூர் போகிறேன். அதற்குள் அந்தப் பட்டனை வைத்துவிட முடியுமா? முடியாதென்றால் அந்த ஒரு கப்பலின் பட்டியலை மட்டுமாவது பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்புங்கள், தயவுசெய்து. கப்பல் எண்ணும் வருடமும் என் முந்தைய மூன்று கடிதங்களிலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்