மெசினுக்கு முன்னால் காய்ந்த பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் அடிக்கடி ஒரு படம் வரும். பின்னால் பதாகை, நடுவில் பெட்டி உடைக்காத ஒரு வாள் மெசினோ சீவுளி மெசினோ, ஒரு பக்கம் அதைக் கொடுக்கிற உதவி நிறுவனத்தார் நாலைந்து பேர், மற்றப் பக்கம் வாங்குகிற தம்பி ஒருவன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வன்னியில் சுயதொழில் என்றால் இந்தப் படம்தான். கொடுப்பவர்களை நான் குறை சொல்ல வரவில்லை, கொடுக்கட்டும். அந்த மெசின் வீட்டுக் கொட்டிலுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுத வருகிறேன், ஏனென்றால் அது எனக்கே நடந்தது. எனக்கு யாரும் தரவில்லை, சொந்தக் காசில் வாங்கிக் கெட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் விசுவமடுப் பக்கம். அப்பா தச்சுவேலைக்காரர். கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் கைவாளாலும் கைச்சீவுளியாலும் கதவு நிலை, யன்னல் செய்து எங்களை வளர்த்தவர். எனக்கு வேறு உத்தியோகம், மரவேலை பின்னேரத்திலும் ஞாயிறிலும்தான். நத்தாருக்குப் பாலன் குடில், பொங்கலுக்குச் சிரட்டை அகப்பையும் துடுப்பும் என்று தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுப்பேன். வருடத்துக்குப் பத்து, பதினைந்து உருப்படி. அதுவரை தொல்லை இல்லை.

தொல்லை கனடாவில் இருந்து வந்தது. அங்கே தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று கொண்டாடுகிறார்கள், அதற்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேப்பமரத்தில் அறுபது அஞ்சறைப்பெட்டி வேண்டும், தள்ளு மூடி போட்டது, செய்வாயா என்று மச்சான் கேட்டார். செய்வேன் என்று சொல்லிவிட்டேன். கையால் அறுபது முடியாது என்பதால் நகையை அடகு வைத்து (மனைவியின் நகை, அதை இன்றைக்கும் வீட்டில் மறக்கவில்லை) ஒரு சீவுளி மெசின் வாங்கினேன். மேசை வாளை மச்சானே அங்கிருந்து அனுப்பினார். இதெல்லாம் வந்து சேர்ந்தது ஐப்பசி நடுவில்.

ஐப்பசி நடுவில் வன்னி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடைமழை. விறாந்தையில் காயப்போட்ட சாரம் மூன்றாம் நாளும் ஈரம். அந்த நேரத்தில் மரக்காலையில் "நல்லாக் காய்ஞ்சது அண்ணை" என்று தந்த பலகையை வாங்கி, அறுத்து, சீவி, ஒட்டி, ஒரு மாதத்துக்குள் அறுபதையும் முடித்தேன். மூடிகள் ஈரத்துக்கு ஊதி, காடியில் (மூடி ஓடுகிற பள்ளத்தில்) இறுகி நின்றன. சரி என்று ஒவ்வொரு மூடியின் ஓரத்தையும் இன்னும் கொஞ்சம் சீவி விட்டேன், அப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்க்கச் சந்தோசமாக இருந்தது. பார்சல் போனது.

தை பிறந்து இரண்டாம் கிழமை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அடிப்பலகை நடுவால் நீளத்துக்கு வெடித்து, வெடிப்புக்குள்ளால் மஞ்சள்தூள் மேசையில் கோடு போட்டிருக்கிறது. மூடி, பெட்டியைச் சரித்தாலே கீழே விழுகிற மாதிரித் தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, பாதிக்கு மேல். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, படத்தை மட்டும் அனுப்பினார். சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

காரணம் என் கைதான், மெசின் அல்ல. மரம் நீளப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட சுருங்காது, அகலப்பாட்டுக்குத்தான் சுருங்கும், விரியும். மாரியில் தண்ணீர் குடித்த பலகை, பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வறண்ட வீட்டுக்குள் போனதும் சுருங்கப் பார்த்தது. எட்டு அங்குல அடிப்பலகைக்கு நாலைந்து மில்லிமீற்றர் சுருங்க இடம் வேண்டும். நான் நாலு பக்கமும் பசை போட்டு அதை இறுக்கி வைத்திருந்தேன், அசைய இடமில்லாமல் வெடித்தது. அடிப்பலகையைப் பசையே இல்லாமல் காடிக்குள் சும்மா இருக்க விட்டிருந்தால் உள்ளுக்குள்ளேயே சுருங்கி அடங்கியிருக்கும். அப்பா செய்த அலுமாரிக் கதவுகளில் நடுப்பலகை இன்றைக்கும் கையால் தள்ளினால் மெல்ல ஆடும். சின்ன வயதில் அதை அப்பாவின் பிழை என்று நினைத்திருக்கிறேன்.

ஆகவே கொட்டிலைப் பெரிதாக்க நினைக்கிற தம்பிமாருக்குச் சொல்வது, முதல் காசை மெசினில் போடாதீர்கள், பலகையில் போடுங்கள். தை, மாசியில் அரிந்து எடுத்தால் கோடை முழுக்கக் காய நேரம் இருக்கிறது. நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் இடையில் கொடுத்து, கூரைக்குக் கீழே நிழலில் அடுக்க வேண்டும். சட்டங்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை பாம்பாக வளையும். வெட்டு முனைகளுக்கு மிஞ்சிய பெயின்ரை அப்பி விடுங்கள், முனைதான் முதலில் காய்ந்து வெடிப்பது. காய்ந்ததா என்று பார்க்க மீற்றர் வாங்கத் தேவையில்லை. ஒரு துண்டில் திகதி எழுதிக் கடைத் தராசில் கிழமைக்கு ஒருக்கால் நிறுங்கள், நிறை குறையாமல் நின்றால் அந்தக் காற்றில் அது காயக்கூடிய மட்டும் காய்ந்துவிட்டது. சோளகம் (தென்மேல் காற்று) வீசும்போது ஒரு அங்குலப் பலகைக்குச் சில மாதம் போதும். ஆவணி, புரட்டாதியில் அறுத்து ஒட்டி, பூச்சும் பூசி, மழை விழ முன்னம் பொலித்தீனில் கட்டி வைத்தால் நத்தாரும் பொங்கலும் தானாக வரும். மழைக்குள் வார்னிஷ் அடித்தால் பால் பூத்த மாதிரி வெள்ளையடிக்கும், அதையும் பட்டிருக்கிறேன்.

பலகை என்றதும் இன்னொன்று. போன வருடம் வளவில் காற்றுக்கு விழுந்த வேம்பு ஒன்றை மில்லுக்குக் கொண்டு போனேன். மில்காரர் அடிமரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "2009க்கு முந்தின மரமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வாள் உடைந்தால் காசு நீங்கள்தான் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். மூன்றாவது பலகையில் கிரீச் என்று ஒரு சத்தம், பொறி. புளியங்கொட்டை அளவில், யுத்தத்தில் வெடித்த செல்லின் (எறிகணையின்) துண்டு ஒன்று, அதைச் சுற்றி உள்ளங்கையளவுக்கு மரம் கருநீலமாக மாறியிருந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். இப்போது பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பலகைக்கும் மேலால் மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் காட்டாது, நிறம் காட்டிவிடும். அந்தக் கருநீலப் பலகையை நான் விற்கவில்லை, எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு மூடி அதுதான்.

மர அனுமதி விசயத்தில் விளையாட வேண்டாம். முதிரை, பாலை என்று காட்டுமரத்தை வழி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றினால் மரத்தோடு வாகனமும் போய்விடலாம். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி எடுக்காமல் வெட்டக்கூடாது, 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பிரதேச செயலகத்தில் முதலே விசாரியுங்கள்.

அடுத்தது கரண்ட். மச்சான் அனுப்பிய மேசை வாள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற்றேச் குறையும், ஹேர்ட்ஸ் மாறாது. கைட்ரில், கிரைண்டர் மாதிரிக் கார்பன் பிரஷ் உள்ள மோட்டருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஓடும். பிரஷ் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டராக இருந்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சூடேறும். என்னுடையது அந்த இரண்டாவது வகை. தொட்டால் கை சுடும், பத்து நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிற்பாட்ட வேண்டும். வெளிநாட்டில் உள்ள சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெசின் அனுப்பாதீர்கள், காசை அனுப்புங்கள், 230 வோல்ற் மெசினை இங்கேயே வாங்குகிறோம்.

வயரிலும் பிழை விட்டேன். விறாந்தை பிளக்கில் இருந்து கொட்டிலுக்கு 25 மீற்றர் மெல்லிய எக்ஸ்டென்ஷன், பாதி இழுத்து மீதி சுருளிலேயே கிடந்தது. மெசின் போட்டதும் வீட்டு பல்ப் மங்கும், வாள் முனகும், சுருள் வயர் இளகிய ரப்பர் மணக்கும். சுருட்டி வைத்த வயரில் சூடு வெளியே போக வழியில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு எலக்ரீசியனைக் கூப்பிட்டு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன், எர்த் கம்பி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் போட்டேன். மெசின் கையளித்த எந்தப் படத்திலும் ஒரு ட்ரிப் சுவிட்சை நான் கண்டதில்லை. ஈரமண் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிற ஊர் இது.

வேகம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், மெசினில் பாதி, மற்றப் பாதி ஒரு மரக்கட்டையில். அறுபது பெட்டிக்கு 240 பக்கப் பலகை. ஒவ்வொன்றாக ரேப் பிடித்துப் பென்சில் கோடு போட்டு அறுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வாளில் இருந்து வேண்டிய தூரத்தில் ஒரு கட்டையை இறுக்கிவிட்டு, பலகையை அதில் முட்டி முட்டி அறுத்தால் கோடே தேவையில்லை. நாற்பதாவது துண்டுக்குப் பிறகு எனக்கு அளவு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கியது. அரைமணி நேரம் வாளைத் திட்டினேன். கட்டையின் அடியில் மரத்தூள் சேர்ந்து பலகையை முட்ட விடாமல் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டையின் கீழ் விளிம்பைச் சரிவாகச் சீவி விட்டேன், தூள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும், அளவு மாறாது. ஒரு சதம் செலவில்லை. அப்புறம், ஒரு வேலையை அறுபதுக்கும் முடித்துவிட்டுத்தான் மெசின் செற்றிங்கை மாற்ற வேண்டும். அறுபது கேட்டால் அறுபத்தாறுக்கு அறுக்க வேண்டும். முதல் பெட்டியை முழுதாகச் செய்து பார்க்காமல் இரண்டாவதைத் தொடவே கூடாது.

பசைதான் உண்மையில் நேரம் தின்பது. ஆறு கிளாம்ப் இருந்தால் ஒரு தடவைக்கு மூன்று பெட்டி. நான் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை நீளக் கீலமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். நாலு மூலையும் சேர்ந்து இறுகும், பசையும் ரப்பரில் ஒட்டாது. ரயர் கடையில் சும்மா தருவார்கள், ஒரே இரவில் இருபது பெட்டி.

தூளைப் பற்றி எங்கள் ஆட்களிடம் கதைத்தால் சிரிப்பார்கள். முதிரைத்தூள் பட்டால் சிலருக்கு உடம்பு அரிக்கும், அது எல்லோருக்கும் தெரியும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முதலாம் பிரிவில் போட்டுவிட்டது, புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான். கொட்டிலுக்குச் சுவர் இல்லாதது ஒரு வகையில் நல்லது, காற்று முதுகில் படும்படி நின்று அறுக்கலாம். சோளகத்துக்கு ஒரு பக்கம், வாடைக்கு மறுபக்கம், மெசினுக்குச் சில்லுப் பூட்டி வைத்திருக்கிறேன். அந்தச் சில்லுக்கு உண்மைக் காரணம் மனைவியின் உடுப்புக்கொடி. முகக்கவசம் கட்டாயம், கொரோனா காலத்து மெல்லிய துணி காணாது.

இப்போது என் கோரிக்கை. நான் கண்ட கையளிப்புகள் அநேகமாக வருட முடிவில், கார்த்திகை மார்கழியில்தான் நடக்கின்றன, ஒதுக்கிய காசை வருடம் முடிய முன்னம் முடிக்க வேண்டும் என்று. தம்பியின் கையில் மெசின் வருகிற நேரம் பலகை ஈரம், கொட்டில் ஒழுக்கு, நத்தார் வியாபாரமும் போய்விட்டது. காய்ந்த பலகை கிடைக்கிற நேரம் மெசின் கறள் பிடித்து மூலையில் கிடக்கும், அல்லது விற்றாயிற்று. உதவி செய்கிற நிறுவனங்கள் அதை மாசியில் கொடுத்தால் என்ன? மெசினுக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கைப் பலகைக்கும் வயரிங்குக்கும் பிரித்து, ஊரில் உள்ள பழைய தச்சர் ஒருவரை இரண்டு கிழமைக்குக் கூலி கொடுத்து அந்தத் தம்பியோடு விட்டால் என்ன? அவர்களுக்கும் இப்போது வேலை குறைவு, எல்லோரும் அலுமினிய யன்னலுக்குப் போய்விட்டார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அப்படி ஒரு படம் போட்டால், ஆறு மாதம் கழித்து அதே தம்பியின் வளவுக்கு ஒரு நிருபரை அனுப்பி, மெசினை விட்டுவிட்டு அவன் அடுக்கி வைத்திருக்கிற பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள். அடுக்கே இல்லையென்றால் அதையும் போடுங்கள்.

என் கொட்டிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். மச்சான் இந்த வருடமும் நாற்பது கேட்டிருக்கிறார், பலகை சித்திரையில் இருந்து அடுக்கில் கிடக்கிறது, தராசுத் துண்டு மூன்று கிழமையாக ஒரே நிறையில் நிற்கிறது. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு முன்னம் வாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், ஆறுக்குப் பிறகு மெசின் போடுவதில்லை என்று அவளுடைய அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
விசுவமடு வாசகர் ஒருவர்