பூட்ஸ் வாங்கிக்கொண்ட பையனைத் திருடன் என்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர்ப் பக்கம் கல்லூரிக் கால்பந்து பார்க்கிற ஆட்கள் மத்தியில் இப்போது ஒரே பேச்சாக இருக்கிறது. ஒரு கல்லூரி அணியில் ஃபார்வர்டு ஆடும் பையனுக்கு யாரோ ஒருவர் செமஸ்டர் ஃபீஸ் கட்டிவிட்டாராம், புது பூட்ஸ் வாங்கித் தந்தாராம், ஃபைனல் ஜெயித்த அன்று ராத்திரியே அவன் அக்கவுண்டில் பணம் ஏறிவிட்டதாம், இதற்காகத்தான் அவன் முன்பு படித்த கல்லூரியை விட்டு இங்கே வந்து சேர்ந்தானாம். நேரில் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. போன் போனாக ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது, அதிலும் அனுப்பியவர் பெயர் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, தேதியும் இல்லை. ஆனால் நேதாஜி ஸ்டேடியம் வாசலில் தொடங்கி காட்பாடி டீக்கடை வரைக்கும் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டார்கள், பையன் விலை போய்விட்டான் என்று.

நான் அந்தக் கல்லூரிக்காரன் இல்லை. நான் படித்த கல்லூரிதான் அந்த ஃபைனலில் தோற்றது. தோற்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது. அதற்காக, காலேஜ் படிக்கிற ஒரு பையன் பெயரை ஊர் முழுக்க நாறடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவன் போட்டோவைப் போட்டு, அவன் அப்பா என்ன வேலை செய்கிறார், வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது வரைக்கும் போட்டு அனுப்புகிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் நடக்க வேண்டாமா?

நம் பக்கத்து ஆட்டங்களில் உண்மையான மோசடி எது என்பது கிரவுண்டுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் படிக்காத ஆளை வேறொரு மாணவன் பெயரில் இறக்குவது. வயசைக் குறைத்து சர்டிஃபிகேட் காட்டுவது. வகுப்புப் பக்கமே தலைகாட்டாத ஆளை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் மட்டும் மாணவனாக வைத்திருப்பது. இதில் எதிரணியும் ஏமாறுகிறது, வருஷம் முழுக்கப் பயிற்சிக்கு வந்துவிட்டு பெஞ்சில் உட்காரும் சொந்த அணிப் பையனும் ஏமாறுகிறான். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுகிறவன் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், வயது வரம்பைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பதே இதற்காகத்தான். இப்படிப்பட்டதைப் பிடித்தால் அந்த அணியைப் போட்டியை விட்டே வெளியேற்றுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் சொந்தப் பெயரில், சொந்தக் கல்லூரிக்கு, ஒழுங்காக வகுப்புக்கும் போய்விட்டு வந்து ஆடுகிற பையன் காலில் இருக்கும் பூட்ஸை யார் வாங்கித் தந்தது என்பது எப்படி அதே கணக்கில் சேரும்?

பூட்ஸ்தானே என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் அதைப் போட்டு ஆடிப் பார்த்திருக்க வேண்டும். கோடையில் நம் மைதானம் காய்ந்து சிமெண்ட் தரை மாதிரி கிடக்கும், மேலே பொடிக்கல் சிதறி இருக்கும், புல் இருந்தால் கார்னர் ஓரத்தில் கொஞ்சம் இருக்கும். மலிவான பூட்ஸ் ஒரு சீசன் தாங்காது. முதலில் பெருவிரல் பக்கம் சோல் வாய் பிளக்கும், அப்புறம் ஸ்டட் தேய்ந்து வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்கும், அங்கேதான் முழங்கால் போகிறது. எங்கள் அணியில் ஒருவன் பிளந்த பூட்ஸை சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டிக்கொண்டு முழு ஆட்டம் ஆடினான், முடிந்து கழற்றும்போது சாக்ஸ் முழுக்க ரத்தம். நான் இப்போது ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரன் காலுக்கு ஷூ தைத்து அனுப்புகின்றன. இந்த ஊர்க் கல்லூரிப் பையன் ஒரு ஜோடி பூட்ஸுக்கு ஆள் தேடி அலைகிறான், ஒரு மனுஷர் வாங்கித் தந்தால் அதைக் குற்றம் என்கிறோம்.

இதே சண்டை அமெரிக்காவில் பல வருஷமாக நடந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அக்கா மகன் ஓஹியோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறான், அவன் சொல்லித்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். அங்கே ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி ஓடுகிற ஆட்டம். கல்லூரி ஆட்டம்தான், ஆனாலும் அந்த ஊர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காருகிறார்கள். டிவி உரிமை, டிக்கெட், சட்டை விற்பனை என்று பணம் கொட்டுகிறது. ஆடுகிற மாணவன் மட்டும் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு என்று விதியில் உள்ளதைத் தாண்டிக் கைநீட்டிக் காசு வாங்கினால் குற்றம் என்று, அங்கே கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடுகிற என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பு பல பத்தாண்டுகளாக வைத்திருந்தது.

2010-ல் ஓஹியோ ஸ்டேட் அணியில் டெரல் பிரையர் உட்பட ஐந்து பேர் மாட்டினார்கள். தாங்கள் ஆடி ஜெயித்த மோதிரம், சட்டை போன்றவற்றை விற்றுக் காசும், பச்சை குத்துவதில் சலுகையும் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. ஆனால் அந்தத் தடை அடுத்த சீசனில்தான் ஆரம்பித்தது. 2011 ஜனவரியில் நடக்க இருந்த சுகர் பவுல், அதாவது சீசன் முடிவில் பெரிய பணம் புரளும் ஆட்டங்களில் ஒன்று, அதில் மட்டும் அதே ஐந்து பேரையும் ஆடவிட்டார்கள். விஷயம் முன்பே தெரிந்திருந்தும் மேலே சொல்லாத பயிற்சியாளர் ஜிம் ட்ரெசல் 2011 மே மாதம் பதவி விலகினார். அதே 2010-ல் ஜார்ஜியா அணியின் ஏ.ஜே. கிரீன் தன் சட்டை ஒன்றை 1,000 டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அவருடைய எண் போட்ட சட்டை கடையில் விற்றுக்கொண்டுதான் இருந்தது, அந்தக் காசு அவருக்குப் போகவில்லை.

ரெஜி புஷ் கதை இன்னும் மோசம். 2005-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அவருக்கு ஏஜெண்டாக வர ஆசைப்பட்டவர்கள் அவர் குடும்பத்துக்கு வீடும் பணமும் கொடுத்தார்கள் என்று 2010-ல் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு சொன்னபோது அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அவர் படித்த சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யு.எஸ்.சி.) அணிக்கு இரண்டு வருஷம் பவுல் ஆட்டத் தடை, 30 ஸ்காலர்ஷிப் வெட்டு. இதை அனுபவித்தது யார்? புஷ் ஆடிய காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்கள். கடைசியில் 2024-ல், காலம் மாறிவிட்டது என்று சொல்லி, அவர் திருப்பிக் கொடுத்த கோப்பையை அவரிடமே கொடுத்தார்கள்.

டெக்சாஸில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. அணியின் பணக்கார ஆதரவாளர் ஒருவர் கொடுத்த பணத்தில் இருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போயிருக்கிறது, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே போயிருக்கிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணத்தைத் தொடர்ந்து கொடுக்க முடிவு எடுத்தவர்களில் தானும் ஒருவன் என்று பல்கலைக்கழக நிர்வாகத்தில் தலைமையில் இருந்த பில் கிளமண்ட்ஸ் பிற்பாடு ஒத்துக்கொண்டார், அப்போது அவர் மாநில ஆளுநர். 1987 சீசன் முழுவதையும் ரத்து செய்தார்கள். அந்த அணி மறுபடி ஒரு பவுல் ஆட்டத்துக்கு வர 2009 ஆகிவிட்டது. ஒரு பைசா வாங்காத எத்தனை பையன்கள் நடுவில் வந்து போயிருப்பார்கள்!

நான் சொல்ல வருவது இதுதான். அங்கேயும் ரசிகர்கள் வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், உன் அணிதான் வாங்கியது, என் அணி சுத்தம் என்று. 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, படிப்பு சம்பந்தமான உதவிக்கு இப்படி வரம்பு போடக் கூடாது என்று. அடுத்த மாதம் 1-ம் தேதியில் இருந்து மாணவன் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025-ல் இன்னொரு வழக்கு சமரசத்தில் முடிந்து, கல்லூரியே தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர் வரைக்கும் என்று வரம்பு வைத்தார்கள். 1,000 டாலருக்குச் சட்டை விற்றவனைக் குற்றவாளி என்று ஏசிய ரசிகர்கள் இப்போது அதே சீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற மாணவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். அன்று பெயர் கெட்டுப்போன பையன்களுக்கு யார் பதில் சொல்வது?

இதற்கு எதிராக ஒரு நியாயமான பேச்சு உண்டு, அதை நான் ஒதுக்கவில்லை. பணத்தைத் திறந்துவிட்டால் காசுள்ள கல்லூரி நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வளைத்துப் போட்டுக்கொள்ளும், குடியாத்தம் பக்கமோ திருப்பத்தூர் பக்கமோ இருக்கிற சின்னக் கல்லூரி அணியே எடுக்க முடியாமல் போகும் என்கிறார்கள். உண்மைதான். அமெரிக்காவில் இப்போது வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிற வீரர்கள் நிறைய, அங்கே ரசிகர்களுக்கு அதுதான் புதுத் தலைவலி என்று அக்கா மகன் சொல்கிறான். ஆனால் இதற்கு வழி வரம்பு வைப்பது, எழுதி வைப்பது. கொடுப்பதை மறைத்து வைத்தால் காசுள்ளவன் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை, யாருக்கும் தெரியாமல் கொடுப்பான், மாட்டும்போது பையன் மட்டும் மாட்டுவான்.

மறைவாகக் கொடுப்பதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதை நான் கூடவே இருந்து பார்த்தேன். எங்கள் காலத்தில் எங்கள் அணி டிஃபெண்டர் ஒருவனை ஹாஸ்டல் இலவசம், ஃபீஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், படிப்பு முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி பண்ணுகிறோம் என்று வாயால் சொல்லிச் சேர்த்தார்கள். இரண்டாம் வருஷம் அவனுக்கு முழங்கால் லிகமெண்ட் அறுந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டோடு வந்தவனிடம் ஹாஸ்டல் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பி.டி. சார் நல்ல மனுஷர், அவர் கையில் இருந்து கொஞ்சம் கொடுத்தார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். பையன் படிப்பை விட்டுவிட்டுத் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டான். அமெரிக்காவிலேயே 1973-ல் இருந்து வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஸ்காலர்ஷிப்தான் இருந்தது, ஒரே கையெழுத்தில் பல வருஷத்துக்குத் தரலாம் என்று 2012-ல்தான் மாற்றினார்கள். அங்கேயாவது அந்த ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் பளு தூக்கித் தங்கம் ஜெயித்தபோது நாம் எல்லோரும் நம்ம ஊர்ப் பையன் என்று மார்தட்டிக்கொண்டோம். இந்த ஊரில் பளு தூக்குகிற பையன்களுக்கு முட்டையும் பாலும் யார் வாங்கித் தருகிறார் என்று ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. கால்பந்து ஆடுகிற பையனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அதனால் கல்லூரி நிர்வாகங்களிடமும் மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடமும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு என்னென்ன உதவி கொடுக்கிறோம், எவ்வளவு வரைக்கும், அடிபட்டால் அந்த உதவி எத்தனை செமஸ்டர் தொடரும் என்பதை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வெளியாள் யாராவது பையனுக்கு உதவ நினைத்தால் கல்லூரி மூலமாக, ரசீதோடு கொடுக்கட்டும். ஒரு கல்லூரியில் இருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுகிற பையன் எத்தனை மாதம் கழித்து ஆடலாம் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள், ஃபைனல் முடிந்த பிறகு அதைப் பேச வேண்டாம்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். விசாரணை முடிவதற்கு முன்னால் எந்த மாணவன் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். கேம் நியூட்டன் விஷயத்தில் 2010-ல் இதுதான் நடந்தது. அவர் அப்பா ஒரு பல்கலைக்கழகத்திடம் பணம் கேட்டார் என்று செய்தி வந்து, நாடே மகனைக் குற்றவாளி ஆக்கியது. விசாரித்த என்.சி.ஏ.ஏ., அப்பா கேட்டது உண்மை, மகனுக்கோ அவர் ஆடிய ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கோ அது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது, அவர் தொடர்ந்து ஆடினார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருப்பவர்கள் அதை வெட்டாமல், தேதியோடு, தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு சங்கத்திடம் புகாராகக் கொடுக்கட்டும், சங்கம் அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டு நேரில் கேட்கட்டும். பணம் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த நபரையும் கட்டாயம் கூப்பிட வேண்டும், இதுவரைக்கும் அவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.