சாதத்தையும் பருப்பையும் பிரிக்கச் சொல்பவர்களுக்கு

உணவுச் சேர்க்கைப் பத்தியம் சொல்லித்தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. உங்களைப் போன்ற ஒருவரின் வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து மதியம் வெறும் ரசம் சாதம்தான். வெந்த துவரம்பருப்பைக் கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்து, நாலு மணி நேரம் கழித்து, ஆறி ஏடு கட்டிப் போனதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிறார். மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தால் வயிற்றில் அழுகிவிடுமாம்.

இந்தப் பிரிவினையைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹோவர்ட் ஹே, போன நூற்றாண்டின் முற்பகுதியில். மாவுக்குக் காரத்தன்மை வேண்டும், புரதத்துக்கு அமிலம் வேண்டும், ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் சோற்றைச் சாப்பிட்டாலும் வயிற்றில் அமிலம் சுரக்கத்தான் செய்யும். சிறுகுடலுக்குப் போனதும் கணையநீர் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. மாவை உடைக்கும் நொதி, புரதத்தை உடைக்கும் நொதி, கொழுப்பை உடைக்கும் நொதி மூன்றும் அந்த ஒரே நீரில்தான் வருகின்றன. செரிமானத்தின் பெரும்பகுதி நடப்பதும் அங்கேதான்.

சரி, அந்தத் துவரம்பருப்பையே பாருங்கள். வேகவைக்காத பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், ஏறத்தாழ பாதி மாவுச்சத்து. இதை எப்படிப் பிரிப்பது?

எடை குறைகிறதே என்பீர்கள். குறைகிறது, மறுக்கவில்லை. ஜெனீவாவில் பருமனான 54 பேரை ஆறு வாரம் வைத்துப் பார்த்து, முடிவை 2000இல் வெளியிட்டார்கள். இரு குழுவுக்கும் நாளுக்கு 1,100 கலோரிதான். பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 6.2 கிலோ குறைந்தார்கள், சேர்த்துச் சாப்பிட்டவர்கள் 7.5 கிலோ. பிரித்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. உங்களிடம் வருபவர்கள் வடையையும் மிக்சரையும் விட்டார்களே, எடை அதில்தான் இறங்குகிறது.

எனக்குப் பயம் எடையைப் பற்றி அல்ல. வெறும் சோறு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கூட நிறையப் பருப்பும் காயும் இருந்தால் அந்த வேகம் குறையும். சர்க்கரை உள்ளவரிடம் அதைப் பிரிக்கச் சொல்வது அவருக்குக் கெடுதல் செய்வது.

அடுத்த வகுப்பில் அந்த 'அழுகிவிடும்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டச் சொல்லுங்கள். அம்மா நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு மகள்