புது லாரியின் இடது டோரில் இரண்டு அடுக்குப் பெயிண்ட்: விளக்கம் கேட்டும் சரிசெய்யக் கோரியும்

அனுப்புநர்:
ஒற்றை லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
நாமக்கல்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
லாரி தயாரிப்பு நிறுவனம், தலைமை அலுவலகம்.

நகல்: வண்டியை விற்ற டீலரின் பொது மேலாளர்.

பொருள்: புதிதாக வாங்கிய பத்து டயர் லாரியின் கேபினில் பெயிண்ட் உரிதல், கூரை ஓரத்தில் துரு – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பத்து டயர் லாரியை, உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் இந்த ஆண்டு புதிதாக வாங்கினேன். சேஸிஸ் எண், இன்வாய்ஸ், டெலிவரி சலான் எல்லாம் இணைப்பில் உள்ளன. இன்ஜின், கியர்பாக்ஸ், மைலேஜ் எதிலும் எனக்குக் குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவணகெரேயிலிருந்து மக்காச்சோள லோடு ஏற்றி நாமக்கல் தீவன ஆலைகளுக்கு வருகிறேன். வண்டி நன்றாக இழுக்கிறது. என் புகார் கேபின் பெயிண்டைப் பற்றி மட்டும்தான். "லாரிக்குப் பெயிண்டில் என்ன சார் இருக்கு" என்று டீலரின் சர்வீஸ் பிரிவில் கேட்டார்கள். அதனால்தான் இதை நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேபினும் சேஸிஸுமாக எடுத்த வண்டியை இங்கே பாடி கட்ட விட்டிருந்தேன். பாடி வேலை முடிந்த பிறகு, இடது டோரில் பெயரும் எடை விவரமும் எழுத ஆர்ட்டிஸ்ட் மாஸ்கிங் டேப் ஒட்டினார். எழுதி முடித்து டேப்பை எடுத்தபோது பெயிண்டும் கூடவே வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே தோலாக உரிந்தது. அடியில் தகரமும் தெரியவில்லை, பிரைமரும் தெரியவில்லை. இன்னொரு நீலப் பெயிண்ட் இருந்தது, பளபளப்பு மங்காமல். மேலே இருந்த நீலத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. வலது டோரின் நிறத்தோடு ஒட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் நீலம்தான் சரியாகப் பொருந்துகிறது.

அந்தப் பளபளப்பைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பழைய பெயிண்ட் மேல் புதுப் பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் இது தெரியும். என் வண்டியின் டோரில் தேய்த்த கீறல் ஒன்றுகூட இல்லை. யாரோ அவசரத்தில், ஆலைப் பெயிண்ட் மேல் அப்படியே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

எங்கே அடித்தார்கள் என்பதற்கும் தடயம் இருக்கிறது. ஆலையில் கேபினை வெறும் கூடாக வைத்துத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். கழுவி, பாஸ்பேட் போட்டு, மின்சாரம் பாயும் தொட்டியில் முக்கி அடிப்பூச்சு ஏற்றி, சூளையில் சுட்டு, அதற்கப்புறம் பிரைமர், மேல் பெயிண்ட், மறுபடி சூளை. மேல் பெயிண்டுக்கே 140 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு கொடுப்பார்கள். கண்ணாடி, ரப்பர் பீடிங், கைப்பிடி, வயரிங் எல்லாம் அதற்குப் பிறகுதான் பூட்டப்படும். அப்படியிருக்க, என் வண்டியின் இடது டோர் பீடிங் ஓரத்தில் நீலப் புகை படிந்திருக்கிறது. கீல் போல்ட்டின் தலையிலும் நீலத் தூவல். கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் பழைய நீலமும் அதைச் சுற்றிப் புது நீலத்தின் விளிம்பும் கோடு போட்டதுபோல் தெரிகின்றன. ஆகவே இந்த இரண்டாவது பெயிண்ட், வண்டி முழுதாகப் பூட்டிய பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் அடித்தது. அது ஆலை முற்றத்திலா, ஆலையிலிருந்து கான்வாய் டிரைவர் ஓட்டி வந்த வழியிலா, டீலரின் யார்டிலா என்று எனக்குத் தெரிய வழியில்லை. உங்கள் பதிவேடுகளுக்குத் தெரியும்.

எங்கள் பகுதியில் பல வருடமாக லாரி கேபின்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒருவரிடம் பெயிண்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர் இருக்கிறது. அதை வைத்து இரும்புப் பாகங்களை மட்டும் அளந்தோம். வலது டோரில் எல்லா இடத்திலும் 95-லிருந்து 115 மைக்ரான். கேபின் பின்பக்கமும் ஏறக்குறைய அதேதான். ஆலைப் பெயிண்டுக்கு இது இயல்பான கனம். இடது டோரின் மேல்பாதியில் 240-ஐத் தாண்டியது. கீழ் மூலையில், படிக்கு மேலே, 700-க்கும் அதிகமாகக் காட்டியது. வெறும் பெயிண்ட் அவ்வளவு கனம் வராது, அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. பட்டி இருந்தால் அங்கே ஒடுக்கு விழுந்து டிங்கரிங் செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அளக்கும்போது எடுத்த படங்களை மீட்டரில் எண் தெரியும்படி இணைத்திருக்கிறேன்.

டீலரிடம் போனபோது முதலில் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். உரிந்த இடத்துக்குப் பாலிஷ் எதற்கு என்று கேட்ட பிறகு, பாடி கட்டிய பட்டறையில் வெல்டிங் பொறி பட்டிருக்கும் என்றார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். கிரைண்டிங் பொறியும் வெல்டிங் பொறியும் பெயிண்டில் பட்டால் ஊசி முனை அளவுக்குக் கருகிய புள்ளிகள் விழும், மழை பட்டதும் அந்தப் புள்ளிகள் பழுப்பாகும். பொறி மேலிருந்து சுடும். அதனால் பெயிண்ட் அடியிலிருந்து தோலாகக் கழன்று வராது, பொறி பட்ட டோருக்குள் பட்டியும் முளைக்காது. டெலிவரி அன்று மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து எடுத்த படத்திலேயே இடது டோரும் அதை ஒட்டிய முன்முகப்பும் வேறு வேறு நீலமாகத் தெரிகின்றன. அப்போது வண்டி இன்னும் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்கள் மேல் ஆதாரமில்லாமல் பழி போடுவதை உங்கள் டீலர் நிறுத்த வேண்டும். தலைமுறையாக இந்தத் தொழிலை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள்.

கடைசியாக, பெயிண்டுக்கு வாரண்டியே கிடையாது என்றார்கள். கல் தெறித்தது, பறவை எச்சம், மரப்பால் போன்ற வெளிக்காரணங்களுக்கு வாரண்டி இல்லை என்றால் எனக்கும் புரிகிறது. நான் கேட்பது வேறு. அடிபட்டுப் பழுது பார்த்த டோரை, பழுது பார்த்தது என்று சொல்லாமல், புதிது என்று எனக்கு விற்றிருக்கிறீர்கள். இதை எந்த வாரண்டி விதியில் கொண்டுபோய் அடக்குவது?

லாரிக்குப் பெயிண்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். புது வண்டிக்கு முதல் எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு வருடம், அப்புறம் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். எஃப்.சி.க்குப் போகும்போது நாங்கள் பெயிண்ட் அடிப்போம் என்பது உண்மைதான். ஆனால் வண்டியை விற்கும் நாளில் வருகிற புரோக்கர் முதலில் பார்ப்பது கேபினைத்தான். விரலால் தட்டிப் பார்ப்பார், காந்தம் வைத்துப் பார்ப்பார், டோரைத் திறந்து பீடிங்கைத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே பட்டி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது அடிபட்ட வண்டி. சேஸிஸ் நேராக இருக்கிறதா, முன்பக்கம் இடித்ததா என்று சந்தேகம் வளரும், விலை விழும். என் கையில் அந்த வண்டிக்கு ஒரு கீறலும் விழவில்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். யாரோ மறைத்த விபத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. இது ஆலையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். கேபின் கூரையில் மழைநீர் வழியும் காடியில், வலது ஓரத்தில், இணைப்பை மூடும் சீலன்ட் முழுதாக ஓடவில்லை. விட்டுப்போன இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது அடியில் பழுப்புத் துரு. கண்ணாடி ஓரமாகத் துருக்கறையும் வழியத் தொடங்கிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் நான் லோடு எடுத்துப் போகிறேன். அங்கே உப்புக் காற்று பட்டால் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலே டச்-அப் பெயிண்ட் தடவினால் துரு உள்ளேயே தின்னும். ஆகவே இலவசமாக டச்-அப் செய்து தருகிறோம் என்று டீலர் சொன்னதை நான் மறுத்துவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். முதலில், உங்கள் பெயிண்ட் பிரிவின் பொறியாளர் ஒருவர் என் முன்னிலையில் வண்டியைப் பார்க்க வேண்டும். எல்லா இரும்புப் பாகங்களிலும் கனம் அளந்து, பிடிமானச் சோதனையும் செய்து, கண்டதை எழுத்தில் தர வேண்டும். கூடவே, இந்த வண்டி ஆலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து என்னிடம் வந்த நாள்வரை நடந்த பழுதுகள், வழிச்சேதப் பதிவுகள், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாள் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். அந்தத் தாளில் இடது டோருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

இடது டோரைத் தேய்த்து மறுபடி அடித்துக் கொடுப்பது எனக்கு வேண்டாம். பட்டி போட்ட டோரை எடுத்துவிட்டு, அடிப்பூச்சோடு வரும் புது டோர் போட்டு, சூடு கொடுக்கும் வசதியுள்ள மூடிய பூத்தில் பெயிண்ட் அடியுங்கள். பூட்டிய கேபினுக்கு 140 டிகிரி கொடுக்க முடியாது, 60 டிகிரி அளவில்தான் காய வைக்க முடியும் என்று தெரியும். அதற்கேற்ற பெயிண்டை முறைப்படி அடித்தால் போதும். புது நிறம் பக்கத்துப் பாகத்தோடு வேறுபடாதபடி கலந்து இறக்க வேண்டும். டோரின் கீழ் மடிப்புக்குள் துருத் தடுப்பு மெழுகும் அடிக்க வேண்டும். கூரைக் காடியில் துருவைத் தகரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, துருத் தடுப்புப் பிரைமரும் புது சீலன்டும் போட்ட பிறகே பெயிண்ட். நாமக்கல்லிலேயே பூத் வசதியுள்ள பட்டறைகள் இருக்கின்றன, வேலையை இங்கேயே முடிக்கலாம். திறந்த வெளியில் புழுதிக்கு நடுவே ஸ்ப்ரே அடிக்க ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடத் தேவையானது ஒரு காகிதம். உங்கள் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், இந்தச் சேஸிஸ் எண் கொண்ட வண்டியின் இடது டோர் விற்பனைக்கு முன்பே பழுதாகியிருந்தது, அதனால் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது, உரிமையாளர் கையில் விபத்து எதுவும் இல்லை என்று எழுதி, முத்திரை வைத்துத் தாருங்கள். வண்டியை விற்கும் அன்று நான் அதைக் காட்ட வேண்டும். பழுது பார்த்த பாகங்களுக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து புதிய வாரண்டியும் எழுத்தில் வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில் வண்டி நிற்கும். டியூ நிற்காது. அந்த நாட்களுக்கான வாடகை இழப்பை டீலரோ நீங்களோ ஏற்க வேண்டும். எவ்வளவு என்பதை என் கடந்த மாத லோடு ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டு இணைத்திருக்கிறேன். எதையும் மிகைப்படுத்தி எழுதவில்லை.

சட்டப்படி என் நிலை என்ன என்பதையும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவரை நுகர்வோராகவே ஏற்கிறது. எனக்கு இருப்பது இந்த ஒரே லாரிதான். ஓட்டுவதும் நான்தான். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, நான் குடியிருக்கும் ஊரிலேயே, மனு கொடுக்கலாம். பழைய மாடல் காரைப் புதியதென்று ஒரு டீலர் விற்ற வழக்கில், டீலரின் அந்தச் செயல் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னதையும் அவர் எடுத்துச் சொன்னார். டீலர் செய்தது எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் இனிமேல் சொல்ல முடியாது. இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் உங்களுக்கு வருகிறது.

வழக்குக்குப் போக எனக்கு ஆசையில்லை. வாய்தாவுக்கு அலைகிற நேரத்தில் இன்னொரு லோடு எடுக்கலாம். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பரிசோதனைக்கு நாள் குறித்து எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு ஆணையத்துக்குப் போவேன். உரிந்த பெயிண்ட் துண்டுகளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உரிந்த இடத்தையும் தொடாமல் விட்டிருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை அப்படியேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி பெரும்பாலும் நாமக்கல்லில்தான் நிற்கும். வருவதற்கு முதல் நாள் போனில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இன்வாய்ஸ், டெலிவரி சலான், படிவம் 21 (விற்பனைச் சான்று) நகல்கள்; டெலிவரி நாள் படங்கள்; மைக்ரான் மீட்டர் அளவுப் படங்கள்; பீடிங், கீல், கைப்பிடி, கூரைக் காடிப் படங்கள்; டீலருக்குக் கொடுத்த புகார்களின் நகல்கள்; லோடு ரசீதுகள்.